அண்ணன் கொடுத்த பதினெட்டுக் கத்திகளும் இரண்டாம் சூடும்

அன்று பிற்பகல் மணல் சட்டியிலிருந்து நான் எடுத்தது மூன்று ஈடா, நான்கு ஈடா?

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகப் போகிறது. இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. அரிசி களையும்போது எண்ணிப் பார்க்கிறேன். செம்பட்டியில் பேருந்துக்குக் காத்து நிற்கும்போது எண்ணிப் பார்க்கிறேன். சில நாள் மூன்று என்று தோன்றுகிறது, சில நாள் நான்கு. ஓர் ஈட்டுக்கு மூன்று கத்திகள். மொத்தம் பதினெட்டுக் கத்திகள். மூன்று ஈடு என்றால் ஒன்பது கத்திகள் சரியாக இருக்கின்றன, ஒன்பது சரியில்லை. நான்கு ஈடு என்றால் சரியில்லாதவை ஆறு. எப்படி எண்ணினாலும் சரியில்லாத கத்திகள் சில, இதைப் படிக்கும் உங்களில் சிலருடைய அடுப்படியில் இருக்கின்றன.

நினைவு மலரில் ஒரு தங்கை இப்படித் தொடங்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இரண்டு முறை வேறு மாதிரித் தொடங்கி எழுதிக் கிழித்துவிட்டேன். இனி முறைப்படி, பிறப்பிலிருந்தே சொல்கிறேன். ஆனால் என் மகளின் காதுகுத்து அன்று அண்ணன் கையால் செய்த கத்தியைப் பெற்றுச் சென்ற உறவினர்கள், அதை எடுத்துக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு மேலே படிக்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் பிறந்தது கீரனூருக்கு அருகே, அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த தக்காளித் தோட்டத்தில். அவருக்குப் பத்து வயது ஆனபின் நான் பிறந்தேன். இடையில் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அண்ணனுடைய சிறு வயதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்னதுதான். அதில் அடிக்கடி சொல்வது தக்காளிக் கூடைக் கதை. பள்ளி விட்டு வந்த அண்ணனைப் பழம் பறிக்க அனுப்பியிருக்கிறார்கள். அவர் நிரப்பி வந்த கூடையில் பாதிக்குப் பாதி காய்.

"ஏன்டா, கண்ணு தெரியுதா இல்லியா? பச்சக் காயைப் பூராப் பறிச்சுப்போட்டு வந்து நிக்கிறியே!" என்று அப்பா கத்தினாராம்.

"எல்லாம் ஒரே மாதிரிதானப்பா இருக்குது."

எதிர்த்துப் பேசுவதாக நினைத்து அப்பா அடித்துவிட்டார். அது குறும்பு அல்ல, அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பதை யாரும் அப்போது கண்டுகொள்ளவில்லை. அதன்பின் அவர் ஒவ்வொரு பழத்தையும் விரலால் அமுக்கிப் பார்த்துப் பறிக்கப் பழகிக்கொண்டார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. தன்னால் முடியாதது ஒன்று உண்டென்றால், அதைச் சொல்லாமல் சுற்று வழி ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் கடைசிவரை அவருடைய குணம்.

அண்ணன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா இறந்தார். குத்தகை கைவிட்டுப் போனது. அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்து, ஒரு சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் பழனி ரோட்டில் ஒரு லாரிப் பட்டறைக்குப் போனார். லாரி ஓட்ட வேண்டும் என்று அவருக்கு மிகுந்த ஆசை. ஓட்டவும் நன்றாகவே கற்றுக்கொண்டார். உரிமம் வாங்கப் போனபோது கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குத்தான் எங்களுக்கே அவருடைய கண்ணைப் பற்றிச் சரியாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, "வண்டி ஓடணும்னா அடியில பட்டை சரியா இருக்கணும்ல, அந்த வேலை நமக்கு" என்றார். அவ்வளவுதான். லாரியின் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்திருக்குமே, அந்த வில்பட்டைகளை மாற்றுவதே கடைசிவரை அவருடைய வேலையாக இருந்தது.

அந்த வேலையைச் செய்துதான் என்னை பிளஸ் டூ வரை படிக்க வைத்தார். எனக்குத் திருமணம் முடிந்தபின் தன் திருமணத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு முடிந்தது. அவர் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டுமோ என்று இப்போது நினைக்கிறேன்.

கத்தி செய்யத் தொடங்கியது அம்மாவுக்காக. சாப்பாட்டுக் கடையில் நாளெல்லாம் வெங்காயம் நறுக்குவதால் அம்மாவின் மணிக்கட்டு வீங்கிவிடும். கடைக் கத்திகள் இரண்டு நாளில் மழுங்கின. உடைந்த வில்பட்டை ஒன்றைப் பட்டறையில் கேட்டு வாங்கி வந்து, வீட்டுப் பின்புறம் பழைய தகர டப்பாவில் களிமண் பூசி உலை வைத்தார். காற்றுக்கு ஒரு கைத்துருத்தி, எரிப்பதற்குத் தேங்காய்ச் சிரட்டைக் கரி. இரும்பை அறுத்து, அரத்தால் ராவி, கத்தி வடிவுக்குக் கொண்டுவருவது அவருக்குக் கடினமாக இல்லை. அதன்பின் வருவதுதான் கடினம். கத்தியைச் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று தோய்த்துக் குளிரவைக்க வேண்டும். அதற்குத் தோய்ச்சல் என்று பெயர். தோய்ச்சல் இல்லாத கத்தியில் கூர் நிற்காது.

முதல் கத்தியைத் தண்ணீர் வாளியில் தோய்த்தார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அலகின் குறுக்கே முடி போல ஒரு விரிசல். இரண்டாவதும் அப்படியே. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னப்பு, ஊரே பூட்டுச் செய்யுது, நீ மட்டும் கத்தி செய்றியாக்கும்?"

"திருடன் வந்தா ரெண்டும் வேணும்லண்ணே" என்றார் அண்ணன்.

நான் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். என்னை நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். "எழுது புள்ள" என்பார். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ‘மூன்றாவது கத்தி. தண்ணீர். விரிசல். நான்காவது கத்தி. கழிவு ஆயில். புகை. விரிசல் இல்லை. அம்மா திட்டினார்.’ கடைசி வரியை நான் எழுதாமல் விட்டேன். "அதையும் எழுது, அதுவும் நடந்துச்சுல்ல" என்று எழுத வைத்தார். பிறகு கழிவு ஆயிலை விட்டுப் புங்க எண்ணெய்க்கு மாறினார்.

இரும்பு எந்தச் சிவப்புக்கு வந்ததும் எடுக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அண்ணனுக்கோ அந்தச் சிவப்பு பிடிபடாது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய ரேடியோவின் ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைக் கழற்றி ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். காய்கிற கத்தியை அவ்வப்போது அதனருகே கொண்டுபோவார். காந்தம் இழுத்தால் இன்னும் வேகவில்லை. இழுப்பதை நிறுத்திவிட்டால், இன்னும் கொஞ்சம் காயவிட்டு எண்ணெயில் இறக்குவார்.

"எனக்குத் தெரியாட்டி என்ன? காந்தத்துக்குத் தெரியும்ல" என்பார்.

ஒவ்வொரு முறையும் ஒரு கத்தியை அதிகமாகச் செய்து, தோய்ச்சல் முடிந்ததும் சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்ப்பார். உடைந்த வாய் சீனி போலப் பரல் பரலாக இருந்தால் சூடு மிஞ்சிப்போயிருக்கிறது. அரிசி மாவு போல நயமாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் சரி. "நல்ல கத்திய எதுக்குடா ஒடைக்கிறே?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார். "மத்த கத்தியெல்லாம் நல்ல கத்திதானான்னு தெரியணும்லம்மா" என்று அண்ணனும் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

தோய்ச்சலோடு வேலை முடிவதில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான். தோய்ச்சல் முடிந்த கத்தி கண்ணாடி மாதிரி. கடினமாக இருக்கும், ஆனால் கொஞ்சம் வளைத்தால், கல் தரையில் விழுந்தால், உடைந்து தெறிக்கும். அதைத் தணிக்க இரண்டாவதாக ஒரு மெல்லிய சூடு கொடுக்க வேண்டும். அலகை உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து, கடலை வறுக்கும் சட்டியில் மணலைக் காயவைத்து, அதில் பாதி புதையும்படி வைக்க வேண்டும். சோறு ஒரு உலை வேகும் நேரத்தில் அலகின் மேல் மெல்ல ஒரு நிறம் ஏறும். முதலில் காய்ந்த வைக்கோலின் மஞ்சள். அங்கே எடுத்துவிட வேண்டும். விட்டால் பழுப்பாகி, ஊதாவாகி, நீலமாகிவிடும், கூர் போய்விடும். இந்த இடத்தில் காந்தம் உதவாது. கண்தான் வேண்டும். அந்தக் கண் நான்தான். எனக்குத் திருமணமாகிச் செம்பட்டிக்குப் போன பிறகும், நான் வீட்டுக்கு வரும் நாளுக்காகக் கத்திகளைத் தோய்க்காமல் வைத்திருப்பார்.

"மஞ்சள் வந்துருச்சா புள்ள?"

"வந்துருச்சுண்ணே."

அத்தனை கத்திகளுக்கும் இதே கேள்வி, இதே பதில். ஒருமுறைகூட அவர் சந்தேகப்பட்டதில்லை. அம்மாவுக்குச் செய்த கத்தியைப் பார்த்துச் சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்களும் பட்டறை நண்பர்களும் கேட்டு வாங்கினார்கள். அவர் செய்த கத்தி உடைந்ததாக ஒரு சொல் வந்ததில்லை.

என் மகளுக்குப் பதினோரு மாதத்தில் காது குத்த முடிவு செய்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும். தோடு, புதுத்துணி எல்லாம் வாங்கியபின், வருகிற பதினெட்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு கத்தி கொடுக்கப் போகிறேன் என்றார் அண்ணன். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏன்டா, நல்ல காரியத்துல இரும்பையா குடுப்பாக? ஒறவு அத்துப்போகும்னு சொல்லுவாகடா. எவர்சில்வர் டம்ளர் குடு."

"டம்ளர் குடுத்தா பரண்ல போட்டுருவாக. கத்தின்னா தெனமும் கையில இருக்கும். கையிலயா குடுக்கப் போறேன்? தாம்பாளத்துல வைக்கிறேன், அவுகளா எடுத்துக்கிறட்டும்."

ஒவ்வொரு கத்தியின் நுனியிலும் ஒரு எலுமிச்சம்பழம் குத்தி வைத்தால் தோஷமில்லை என்று அம்மா கடைசியில் ஒப்புக்கொண்டார்.

காதுகுத்துக்கு முந்தின நாள் காலையில் பத்தொன்பது கத்திகளையும் தோய்த்து முடித்தார். ஒன்றை உடைத்துப் பார்த்தார். மாவு போல இருந்தது. பதினெட்டையும் உப்புத்தாள் போட்டு வெளுக்கத் தேய்த்து வைத்தபோது பட்டறையிலிருந்து ஆள் வந்தது. செம்பட்டி அருகே ஒரு பேருந்து பட்டை உடைந்து நிற்கிறதாம்.

"புள்ள, ரெண்டாஞ் சூட்டை இன்னைக்கே போட்டுரு. தோய்ச்சலோட கெடந்தா தானா விரிசல் விட்டுரும். சாயங்காலம் வந்து பிடி மாட்டிர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் தொடங்கினேன். சூடு போட வேண்டியவை இடப்பக்கம் ஒரு பலகையில். போட்டு முடித்தவை வலப்பக்கம் ஒரு சாக்கின் மேல். குழந்தைக்குப் பல் முளைக்கும் காய்ச்சல். மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. ஓர் ஈடு எடுப்பேன், அழுவாள், உள்ளே போய்ப் பால் கொடுப்பேன், திரும்பி வந்து அடுத்த ஈடு. மடியில் குழந்தை இருந்ததால் அன்று மட்டும் நோட்டில் எதுவும் எழுதவில்லை. ஒருமுறை பால் கொடுக்கப் படுத்தவள் அப்படியே உறங்கிவிட்டேன்.

எழுப்பியது அத்தையின் குரல். அப்பாவின் தங்கையான அத்தை, நத்தத்திலிருந்து பலகாரச் சாமானோடு வந்திருந்தார்.

"ஏத்தா மருமகளே, புள்ளைக்குக் காது குத்து வச்சிருக்கியா, ஒனக்குத் தாலாட்டு வச்சிருக்கியா?"

எழுந்து பின்பக்கம் ஓடினேன். பலகையும் காலி, சாக்கும் காலி. குழாயடியில் அம்மா உட்கார்ந்திருந்தார். வாழை இலையில் பதினெட்டுக் கத்திகளும் வரிசையாக, எண்ணெய் தடவி, குங்குமம் வைத்து இருந்தன.

"கொஞ்சம் கத்தியில மஞ்சக் கறை புடிச்சுக் கெடந்துச்சுத்தா. சபையில வைக்கிற பொருளாச்சேன்னு புளியும் சாம்பலும் போட்டு எல்லாத்தையும் வெளக்கிட்டேன். குத்துவெளக்கு மாதிரி பளபளன்னு இருக்கா?"

இருந்தன. பதினெட்டும் ஒன்றுபோல வெள்ளையாக இருந்தன. சூடு பட்டது எது, படாதது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதில் அம்மாவின் தவறு எதுவும் இல்லை. விசேஷத்துக்கு முந்தின நாள் பாத்திரம் விளக்குவது போலத்தான் அவர் விளக்கினார். அந்த மஞ்சள்தான் எங்களுக்கு அடையாளம் என்று நானும் அண்ணனும் அவருக்குச் சொன்னதே இல்லை.

பதினெட்டையும் மறுபடி மணலில் வைத்திருக்கலாம். ஏற்கெனவே சூடு பட்ட கத்திக்கு இன்னொரு முறை அதே சூடு பட்டால் கெடுதல் இல்லை. எனக்கு அது தெரியும். பின்பக்கம் நான் மணல் காயவைத்த அடுப்பு உள்ளே போயிருந்தது. அடுப்படிக்குப் போனேன். அத்தை பணியாரச் சட்டியை ஏற்றியிருந்தார்.

"அத்தை, செத்த நேரம் அடுப்பு வேணும்."

"என்னத்துக்கு?"

"மணல் காயவைக்கணும்."

"கடலையா? நூறு பேருக்குப் பணியாரம் ஊத்தணும், இவளுக்குக் கடலை கேக்குது! அங்கிட்டுப் போய்ப் புள்ளையப் பாரு."

காரணத்தைச் சொல்லியிருந்தால் அத்தை உடனே சட்டியை இறக்கியிருப்பார். சொல்லவில்லை. தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அம்மா முகம் வாடுமே என்று இருந்தது. குங்குமம் வைத்ததைத் திரும்ப நெருப்பில் வைக்கலாமா என்றும் ஒரு பயம். இதில் எது உண்மையான காரணம் என்று இன்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. களைப்புத்தான் உண்மையான காரணமோ என்னவோ.

விளக்கு வைக்கும் நேரத்தில் அண்ணன் வந்தார். கை கால் கழுவிவிட்டு அரக்கைக் காய்ச்சிப் பிடி மாட்ட உட்கார்ந்தார்.

"எல்லாம் மஞ்சள் வந்துருச்சா புள்ள?"

"வந்துருச்சுண்ணே."

"அம்மா வெளக்கிட்டாகளாக்கும். சரி, நீ பாத்தீல்ல, அது போதும்."

மறுநாள் விழா நல்லபடியாக நடந்தது. வந்திருந்த நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அண்ணன் மடியில் என் மகள் அழவில்லை, அண்ணன் கண்தான் கலங்கியது. அத்தை தாம்பாளத்திலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு, "ஏன் மருமகனே, அத்தைக்குப் பொண்ணு இல்லேங்கிற கோவத்துல கத்தியத் தூக்குறியா?" என்று கேட்டபோது பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மாலையே பதினெட்டுக் கத்திகளும் பதினெட்டு ஊருக்குப் போய்விட்டன.

இரண்டு மாதம் கழித்து அண்ணனுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. வெயிலில் நின்று வேலை செய்வதால் என்று நினைத்தோம். முகமும் வீங்கியபின்தான் மருத்துவரிடம் காட்டினோம். இரண்டு சிறுநீரகமும் பழுது என்றார்கள். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு வைத்தார்கள். இன்னும் முன்னதாகக் காட்டியிருக்க வேண்டும் என்று சிலர் சொன்னீர்கள். அதையும் நான் மறக்கவில்லை. நான்கு மாதம் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் அலைந்தோம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கஞ்சித் தூக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பேருந்தில் நின்ற நாட்களை இப்போது தனித்தனியாக நினைவுபடுத்த முடியவில்லை. எல்லாம் ஒரே நாள் போல இருக்கிறது.

அண்ணன் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. தாகத்துக்குக்கூடக் கேட்டுத்தான் குடித்தார், "தண்ணி குடிக்கலாமா, அளவு முடிஞ்சுருச்சா?" என்று. கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல், அம்மா மருந்து வாங்கப் போயிருந்தபோது கேட்டார்.

"கத்தியப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொன்னாகளா?"

"நல்லா வெட்டுதுன்னு சொல்றாகண்ணே."

"அம்புட்டுப் பேருமா?"

"அம்புட்டுப் பேரும்."

அவர் சிரித்துக் கண்ணை மூடிக்கொண்டார். சொல்ல அதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. சொல்லியிருந்தால் அந்த நிலையிலும் எழுந்து உட்கார்ந்து யார் யாரிடமிருந்து எப்படித் திரும்ப வாங்குவது என்று யோசித்திருப்பார். சொல்லாதது சரியா தவறா என்று யாராவது கேட்டால், அன்றைக்குச் சரி, அதற்கு முன் எல்லா நாளும் தவறு என்றுதான் சொல்வேன். ஐந்தாம் நாள் அதிகாலை அண்ணன் காலமானார். அவருக்கு வயது முப்பத்து நான்கு.

இந்த ஆண்டு மாம்பழக் காலத்தில் நத்தத்துக்கு அத்தையைப் பார்க்கப் போனேன். அவருடைய இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். உள்ளே அண்ணன் கொடுத்த கத்தி. நுனியிலிருந்து நான்கு விரல் நீளம் உடைந்து தனியாக இருந்தது.

"பரங்கிக்கா வெட்டுனேன்த்தா. லேசாத் திருப்புனேன், பட்டுன்னு தெறிச்சிருச்சு. கண்ணு தப்புச்சு."

"ஏன் அத்தை எங்கட்டச் சொல்லல?"

"எதுக்குச் சொல்ல? போன புள்ள பேருக்கு ஒரு சொல்லு வரக் கூடாது. தோட்டத்துல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்டேன். நீயும் வாயத் தொறக்காத."

உடைந்த வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சீனிப் பரல் இல்லை. அரிசி மாவு போல நயமாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. அண்ணன் பார்த்திருந்தால் ‘சரி’ என்றிருப்பார். அவர் செய்ய வேண்டியதைக் குறையில்லாமல் செய்திருக்கிறார். நான் செய்ய வேண்டியது அந்தக் கத்தியில் இல்லை.

அன்று அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் கட்டுரையை எழுத அவர் சம்மதித்தார். "எம் பேரு போனாப் போகுது, தழும்பப் பத்தி எழுது, அப்பத்தான் பயந்து கொண்டாருவாக" என்றார்.

என் வீட்டுக்காரர், "ஒன்னரை வருஷமா வெட்டிக்கிட்டுத்தான இருக்காக, ஒடையிற கத்தின்னா இதுக்குள்ள ஒடைஞ்சிருக்கும்ல" என்கிறார். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அண்ணன் போன பிறகு சில வீடுகளில் அந்தக் கத்தியைப் பயன்படுத்தாமல் சாமி அலமாரியில் வைத்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதை எடுத்து முதன்முதலாக ஒரு தேங்காய்க் கீற்றை நெம்பப் போவது யாரென்று எனக்குத் தெரியாது. வீணாக எல்லோரையும் பயமுறுத்துகிறேனோ என்றும் தோன்றுகிறது. பயமுறுத்தாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் தோன்றுகிறது.

அண்ணனின் நோய்க்காலத்தில் முறை வைத்து உடன் வந்து, பேருந்தில் அவரைத் தாங்கிப் பிடித்து அழைத்துச் சென்ற பட்டறை நண்பர்களை எங்கள் குடும்பம் என்றும் மறக்காது. நான் மதுரையில் இருந்த நாட்களில் என் மகளுக்குச் சோறு ஊட்டிய பக்கத்து வீட்டார், வார்டில் பெயர் சொல்லாமலே உதவிய செவிலியர், இறுதி நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்த சித்தப்பா மக்கள், காயத்தை மறைத்து அண்ணன் பெயரைக் காத்த அத்தை, அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.

இந்த மலரைத் திதி நாளில் கொடுக்காமல் பத்து நாள் முன்பே தபாலில் அனுப்பக் காரணம் கத்திகள்தான். என் புகுந்த வீட்டுக்கு வந்த கத்திக்கு நான் ஏற்கெனவே சூடு போட்டுவிட்டேன். அத்தையுடையது உடைந்துவிட்டது. மீதி பதினாறு. பிடியருகே மூன்று புள்ளிகள் அடித்திருக்கும், அதைப் பார்த்து அடையாளம் காணலாம். திதிக்கு வரும்போது ஒரு துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். நான் இரண்டு நாள் முன்னதாகவே வந்து மணலைக் காயவைத்திருப்பேன். பிடியை வெளியே விட்டு அலகை மட்டும் மணலில் வைத்து, மஞ்சள் வந்ததும் எடுத்து, உங்களுடையதை உங்களிடமே கொடுத்துவிடுவேன். இறந்தவர் கொடுத்ததைத் திருப்பிக் கொண்டுபோவது ஆகாது என்று நினைப்பவர்கள் ஒரு கடிதம் போடுங்கள், நானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நேரடி நெருப்பில் மட்டும் யாரும் காட்டிவிட வேண்டாம்.

எனக்குச் சொல்லத் தெரியாதது இன்னும் ஒன்று இருக்கிறது. அண்ணன் போன நாளிலிருந்து அம்மா, துக்கம் கேட்க வருபவர்கள் எல்லோரிடமும் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொஞ்சம் ஆறுதல் அடைகிறார். "எம் மகன் கடைசியாச் செஞ்ச கத்தி அம்புட்டையும் நாந்தான் எங் கையால வெளக்கிக் குடுத்தேன்" என்று. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மலர் வந்ததும், மகனைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டு, என்னைத்தான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காட்டச் சொல்வார். அம்மா குழாயடியில் கத்தி விளக்கிய பகுதியை நான் தாண்டிப் படிக்கட்டுமா, அங்கே நின்று அதையும் படிக்கட்டுமா? எனக்கு முன்பே பிள்ளை பெற்றவர்கள், பிள்ளையை இழந்தவர்கள், நான் அம்மாவிடம் போவதற்குள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.